என் சேலை கண்ட ஆறு

ஊர்காவற்றுறை
2004 ஆவணி

அன்புள்ள மகள் சீலிக்கு,

நீ கண்டிக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்ததையும், அறையில் உன்னோடு வேறு பிள்ளைகள் இருப்பதையும், அங்கே சோறு கொஞ்சம் குழைவாக இருப்பதையும் சந்திக் கடைக்கு நீ எடுத்த தொலைபேசியால் அறிந்தோம். அப்பாதான் ஓடிப்போய்ப் பேசினார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபடியால் வரமுடியவில்லை என்று அவர் உனக்குச் சொன்னது உண்மையல்ல. கை கழுவ எவ்வளவு நேரம் செல்லும்? எனக்கு வர மனமில்லை, அவ்வளவுதான். "அம்மாவுக்கு என்னைப் பிரிஞ்ச கவலை. முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தாலும் ஒண்டும் சொல்லாதேங்கோ" என்று நீ அவருக்குப் புத்தி சொன்னாயாம். அவரும் அன்றிலிருந்து என்னோடு நோயாளியோடு பேசுகிறமாதிரிப் பேசுகிறார். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

கவலை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டின் வரவையும் செலவையும் இத்தனை வருசமாக எழுதிவருகிறவள் நான். உப்பு வாங்கிய காசைப் புளிக்கு எழுதிவைத்தால் எனக்குப் பொறுக்காது. நீ புறப்பட முதல் இரண்டு கிழமையும் என் முகத்தில் கண்டதை, பெற்ற மனம் வாடுகிறது என்று நீயே ஒரு பெயர் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது வாட்டமில்லை பிள்ளை, பொறாமை. பக்கத்து வீட்டுக்காரிமேல் வருகிறதே, அதே சாமான்தான், உன்மேல் வந்தது. ஒரு வருசம் படித்து முடித்ததும் நீ தீவுகளுக்குத் திரும்பிவந்து வீடுவீடாகப் போய், "உங்கட பிள்ளையை எங்களோடை அனுப்புங்கோ" என்று தாய்மாரிடம் கேட்கப் போகிறாய். அந்த வேலைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான், உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்றதும், தாய்மாருக்கென்று தான் அச்சடிக்கிற இதழில் அதைப் போடட்டுமா என்று மடத்துச் சிஸ்ரர் கேட்டபோதும் ஓம் என்றேன். வாசித்துவிட்டு, தன் வயிற்றில் எரிகிறது என்னவென்று இன்னொருத்திக்கும் தெரியவரட்டும்.

முதலில் இருந்தே சொல்லுகிறேன். சமாதானம் வந்து, சண்டையில் மூடிக்கிடந்த கண்டிப் பாதை திறந்த அடுத்த வருசம், சிஸ்ரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்கும், தம்பி தங்கச்சிமாரைப் பார்க்கவென்று மறிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கோயில் மண்டபத்தில் அவர் நடத்திய மாலை வகுப்பில்தான் நீ இருந்தாய். பதினெட்டு வயதில், உன் தோளுக்கு வராத பிள்ளைகளோடு இருந்து சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாய். சிஸ்ரர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். கண்டிக்கு அப்பால், கம்பளைப் பக்கத்திலும் இதேபோல ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. இங்கத்தைப் பிள்ளைகள் அங்கே போய் அவர்களின் வீடுகளில் இரண்டு கிழமை தங்குவார்கள். பிறகு அவர்கள் இங்கே வருவார்கள். ஒருவரின் ஊரை ஒருவர் காணட்டும், உலகம் எவ்வளவு பெரியதென்று தெரியட்டும் என்றார். அப்பா வலைப்பின்னலில் இருந்து கையை எடுக்கவில்லை.

"சிங்கள வீட்டிலயோ? குமர்ப்பிள்ளையையோ?"

"அங்கையும் குமர்ப்பிள்ளையள்தான் அண்ணை. அவையின்ர தகப்பன்மாரும் இதைத்தான் கேட்டவை."

"என்னெண்டு?"

"தமிழ் வீட்டிலயோ, அதுவும் கடலுக்கு நடுவிலயோ எண்டு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் யோசித்துச் சொல்லுகிறேன் என்றுதான் அனுப்பினார். அவருடைய யோசனை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அன்று செபமாலை சொல்லும்போது, மாதா எலிசபெத்தம்மாளைத் தேடிப்போன இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். "இஞ்சருங்கோ, மாதா அப்ப குமர்ப்பிள்ளைதானே? மலைநாட்டுக்குத்தானே போனவ?" என்று கேட்டேன். "அது சொந்தக்காரி வீடு" என்றார். "போய்ப் பாத்தாத்தானே ஆர் சொந்தக்காரர் எண்டு தெரியும்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீர் சிஸ்ரரிட்டைச் சம்பளம் வாங்கிறீரோ?" என்றார். மிச்சச் செபத்தை முடிக்கும்போது அவருடைய குரல் இறங்கியிருந்தது. நீ போகலாம் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

உன்னைப் படிப்பிக்க வேண்டும், நாலு இடம் காணவைக்க வேண்டும் என்று அம்மா போராடினா என்று நீ எல்லோருக்கும் சொல்லித் திரிகிறாய். சிஸ்ரரும் தாய்மார் கூட்டத்தில் அதை உதாரணமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு நான் தலைகுனிந்து இருந்ததைப் பணிவென்று நினைத்தார்கள். அது அரைவாசிதான் உண்மை. மற்ற அரைவாசி, எனக்கு ஆறு பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். மிச்சப் படிப்பெல்லாம் செபப் புத்தகத்திலும், சீனி சுற்றிவந்த கடதாசியிலும், கோயில் அலுமாரியில் கிடந்த பழைய புத்தகங்களிலும் நானாகப் படித்ததுதான். எதை விரித்தாலும் ஆறு வரும். ஆற்றங்கரையில் ஊர் இருக்கும், ஆற்றைக் கடந்து சனம் போகும், ஆற்றில் இறங்கி யேசு சுவாமி ஞானஸ்நானம் பெறுவார். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆறும் இல்லை. தீவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்களுக்கும் காரைநகருக்கும் நடுவில் கடல் ஒடுங்கி இழுத்து ஓடுகிற இடத்தில் நின்று, ஆறு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஆனால் கடல் போனால் திரும்பி வரும். ஆறு ஒரு பக்கத்துக்கு மட்டும் போகுமாமே, போன தண்ணீர் திரும்பாதாமே. செலவு மட்டுமே உள்ள வீடு எப்படித் தீர்ந்துபோகாமல் நிற்கிறது? இதை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். நீ போய்ப் பார்த்து வந்து சொல்லுவாய் என்றுதான் உன்னை அனுப்பினேன். என் கண்ணைக் கழற்றி உன் பையில் வைத்து அனுப்பியதுபோலத்தான் இருந்தது எனக்கு.

நீ திரும்பிவந்து, களை தீர நித்திரை கொண்டு எழும்பினாய். நான் கோப்பையில் ரீ ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன்.

"எப்பிடிப் பிள்ளை?"

"நல்லா இருந்ததம்மா."

"ஆறு கண்டனியோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"ஆறு மாதிரித்தான்."

"சுவாமி ஞானஸ்நானம் எடுத்த யோர்தான் மாதிரியோ?"

நீ சிரித்தாய். "நான் எங்கையம்மா யோர்தானைக் கண்டனான்? உங்களுக்குச் சொன்னா விளங்காது" என்று சொல்லிக் கோப்பையை என் கையில் தந்தாய். கோபத்தோடு சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் உன் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். படலையடிப் பூவரசின் கீழே எல்லோரும் குந்திக்கொண்டீர்கள். நான் குசினியில் அரைத்துக்கொண்டிருந்தேன். உன்னுடைய குரல் வந்தது. தண்ணீருக்குக் கீழே கிடக்கிற கல்லெல்லாம் நிறம் நிறமாகத் தெரிகிறதாம். கணுக்காலை யாரோ பிடித்து இழுக்கிறமாதிரி இருக்கிறதாம். நீ வழுக்கி விழப்போக, நீ தங்கியிருந்த வீட்டுக்காரி சோமா அம்மா உன் பின்னலைப் பிடித்து மறித்தாவாம். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் எறிக்கும்போதே ஆறு மண்நிறமாக மாறிவிடுமாம். நான் அம்மிக்குழவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்னும் வடிவாகக் கேட்க வேண்டும் என்று எழும்பி வாசலுக்கு வந்தேன். நீ கதையை நிறுத்திவிட்டாய். "என்னம்மா?" என்றாய். "ரீ வேணுமோ எண்டு கேக்க வந்தனான்" என்றேன்.

இதை ஒரு புத்தியாக உனக்குச் சொல்லுகிறேன், நீ கூட்டிக்கொண்டு போகப்போகிற பிள்ளைகளுக்கும் சொல்லு. அப்பா கரைக்கு வந்ததும் மீனை விற்க முதல் கறிக்கென்று கொஞ்சத்தை எடுத்து வைத்துவிடுவார். எவ்வளவு நல்ல விலை போனாலும் அதில் கைவைக்கமாட்டார். வெளியூர் போய்வருகிற பிள்ளையும் அப்படித்தான் செய்ய வேண்டும். கண்டதில் ஒரு பங்கைத் தாய்க்கென்று முதலில் எடுத்து வைக்க வேண்டும். அவளுக்கு விளங்குமோ விளங்காதோ என்று விலை பேசக் கூடாது.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் சோமா அம்மாதான். சோமா அம்மா பலாக்காய்க்குத் தேங்காய் இப்படித்தான் விடுவா. சோமா அம்மா கூலிக்கு மிளகு ஆயப் போனாலும் பின்னேரம் பிள்ளைகளோடு இருந்து பாடுவா. சோமா அம்மா கோபிக்கமாட்டா. தொலைபேசியில் அவவை நீ சிங்களத்தில் "அம்மே" என்று கூப்பிட்டதைக் கடை வாசலில் நின்று கேட்டேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லாத சொல்தான். ஆனால் என்னிடம் நீ அப்படி இழுத்துக் கூப்பிட்டு வருசக்கணக்காகிவிட்டது.

சோமா அம்மாவின் மகள் நில்மினி எங்கள் வீட்டுக்கு வந்தது போன வருச ஆவணியில், கிணறெல்லாம் வற்றுகிற காலத்தில். எங்கள் வளவுக் கிணறு எப்படியென்று உனக்குத் தெரியும். உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். சவுக்காரம் நுரைக்காது, தலைமயிர் தும்பாகிவிடும். நல்ல தண்ணீருக்குக் கோயிலடிக் கிணற்றில் வரிசையில் நிற்க வேண்டும். ஆற்றில் குளித்துப் பழகிய பிள்ளை எங்கள் தண்ணீரில் ஒரு வாளி ஊற்றிவிட்டு முகத்தைச் சுளிக்கும்; போய்த் தாயிடம் சொல்லும்; தாய், ஐயோ பாவம், சீலி அந்தத் தண்ணீரிலா வளர்ந்தவள் என்று நினைப்பா. அந்த "ஐயோ பாவம்" எனக்கு வேண்டாம். நீ வகுப்புக்குப் போனபிறகு நான் நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துவந்து குளிக்கிற தொட்டியை நிரப்பி வைத்தேன். எங்கள் வீட்டிலும் தண்ணீர் இப்படித்தான் என்று காட்டினேன். விருந்தாளிக்கு முட்டையும் மீனும் மறைத்து வைத்துப் போடுகிற வீடுகளைக் கண்டிருப்பாய். குளிக்க நல்ல தண்ணீர் கொடுத்துத் தீவுக்காரி என்று காட்டாமல் இருக்கப் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பிலோமினா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா, வள்ளம் கழுவவோ இவ்வளவு தண்ணி?"

"விருந்தாளி வந்திருக்கு."

"விருந்தாளி என்ன, திமிங்கிலமோ?"

அவள் சொன்னதிலும் பிழை இல்லை. நில்மினி காலையிலும் குளித்தது, பின்னேரத்திலும் குளித்தது. பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தது. உடுப்பு முழுவதையும் தோய்த்து, மிச்சத் தண்ணீரைச் செவ்வரத்தைக்கு ஊற்றியது. நல்ல பிள்ளை, வீணாக்கக் கூடாது என்றுதான் செடிக்கு ஊற்றியிருக்கும். அந்தச் செவ்வரத்தை அந்த மாதம் பூத்தமாதிரி ஒருகாலமும் பூத்ததில்லை. வீட்டில் குடிக்கிற தண்ணீர் குறைய, நான் கஞ்சிக்குப் பாதிக்குப் பாதி சவர்த் தண்ணீர் கலந்தேன். "உப்பை ரெண்டு தரம் போட்டுட்டீரோ?" என்று அப்பா கேட்டார். "கை தவறிப்போச்சு" என்றேன்.

ஒருநாள் காலையில் நில்மினி எனக்குப் பின்னால் வந்திருக்கிறாள். நான் காணவில்லை. கிணற்றடி வரிசையையும், நான் இடுப்பில் குடத்தோடு நிற்பதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். குடத்தை என் இடுப்பில் இருந்து எடுத்துத் தானே சுமந்துவந்தாள். தொட்டியடிக்குப் போகவில்லை; குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள். பிறகு வளவுக் கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு, தலைமயிர் நெற்றியில் ஒட்டிப்போய், கையில் சவுக்காரத்தோடு குசினி வாசலில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, சவுக்காரம் கோபம்" என்றாள். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எல்லாம் கழுவுப்பட்டுப் போயிருக்கும், நீ வாய் திறக்காமல் இருந்திருந்தால்.

"ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்? சோமா அம்மா வீட்டிலை கூரை ஒழுகும். அதை அவ எனக்கு மறைக்கேல்லை. ஒரு சட்டியைத் தந்து, நீயும் ஒரு மூலையிலை வை எண்டு சொன்னவ. நீங்களும் அப்பிடி இருந்திருக்கலாம்."

கூரை ஒழுகுகிற ஒருத்திமேல் எனக்கு எரிச்சல் வந்த வேகத்தை நான் யாருக்குச் சொல்ல? அவவுக்குத் தண்ணீர் கூரையைப் பிரித்துக்கொண்டும் வருகிறது; எனக்கு வரிசையில் நின்றாலும் வருகிறதில்லை. பிள்ளையும் அவவைத்தான் மெச்சுகிறது. நீ இனிப் போகிற வீடுகளில், ஒரு தாய்க்கு முன்னால் இன்னொரு தாயை மெச்சாதே. எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மெச்சாதே. அது அவளைத் திருத்தாது.

பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "பொறாமை, சுவாமி." "ஆர்மேல?" "என்ர மகள்மேல." "அவ உங்களிட்டை இருந்து என்னத்தை எடுத்தவ?" "ஒண்டும் எடுக்கேல்லை. ஆத்தைப் பாத்தவ." "பாத்ததுக்கோ பொறாமை?" "ஓம் சுவாமி." அவருக்கும் இப்படி ஒரு பாவம் முன்னர் வந்திருக்காது போல. "மகள் கண்ட ஒவ்வொண்டுக்கும் ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ" என்று அபராதம் தந்தார். "அவ என்ன கண்டவ எண்டு எனக்குச் சொல்லேல்லையே, சுவாமி" என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த வருசச் சித்திரையில் பிள்ளைகள் திரும்பவும் போனார்கள். பரீட்சையில் சித்தியடைந்து நீயும் சிஸ்ரருக்கு உதவியாளாக வந்துவிட்டாய். இந்தமுறை துணைக்கு ஒரு தாயையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சிஸ்ரர் சொன்ன செய்தி கோயிலடியில் என் காதில் விழுந்தது. அன்று முழுவதும் நான் வீட்டில் என்ன செய்தேனோ தெரியாது. அப்பாவின் சேட்டை இரண்டுதரம் தோய்த்தேன். பின்னேரம் நீ வந்து சொல்லுவாய் என்று இருந்தேன். நீ வந்தாய், சாப்பிட்டாய், கை கழுவினாய். கொடியில் துவாயைப் போடுகிற நேரத்தில், "பிலோமினா அக்காவின்ர பேரைத்தான் சிஸ்ரரிட்டைச் சொன்னனான். அவ துணிஞ்ச மனுசி. நேவிக் காம்புக்கு மீன் குடுத்துச் சிங்களமும் கொஞ்சம் தெரியும்" என்றாய். எல்லாம் சரியான நியாயம்தான்.

"ஓம், அவ நல்லம்" என்றேன்.

"நீங்கள் எங்கையம்மா, வீட்டை விட்டிட்டு வரப்போறியள்" என்று நீயாகவே சொல்லிக்கொண்டாய். நீ சொன்னவிதம், இந்த வீட்டுத் தூணைப் பற்றிச் சொல்லுகிறமாதிரி இருந்தது. நல்ல தூண், உறுதியான தூண்; அதைப் போய், நீயும் வாறியோ என்று யார் கேட்பார்கள்?

பிலோமினா அடுத்தநாளே வந்து நின்றாள். "அக்கா, கோயிலுக்கு உடுக்கிற அந்த நீலச் சேலையை ஒருக்காத் தாங்கோ. எங்கட மானத்தைக் காப்பாத்திறதுக்காவது தாங்கோ. என்ர சேலையெல்லாம் மீன் மணக்குது." கொடுத்தேன். அலுமாரியில் இருந்து எடுத்து, மடிப்புக் குலையாமல், என் கையால் கொடுத்தேன். திரும்பிவந்து தந்தபோது அது வேறு சேலைமாதிரி மெத்தென்று இருந்தது. என்ன செய்தாய் என்று கேட்டேன். "ஆத்திலை தோய்ச்சனான் அக்கா. கல்லிலை ஒரு அடி, தண்ணியிலை ஒரு அலசல், அவ்வளவுதான். சவுக்காரமே தேவையில்லை. உங்கட சேலைக்கு இனிமேல் எங்கட கிணத்துத் தண்ணி பிடிக்காது, பாருங்கோ." அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆற்றைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம், கை காலை ஆட்டி, முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிக் காட்டி, மிச்சம் வைக்காமல் சொன்னாள். உன்னிடம் கிடைக்காததெல்லாம் அவளிடம் கிடைத்தது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கு ஆறவில்லை. அவள் போனபிறகு சேலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என்னுடைய சேலை ஆற்றைக் கண்டுவிட்டது. நான் காணவில்லை.

இதற்குப் பிறகுதான், இந்தப் பயணங்களை ஒழுங்கு செய்கிற கண்டி அலுவலகத்திலேயே உனக்கு ஒரு வருசம் படிக்க இடம் கிடைத்தது. நீ பை அடுக்கினாய். நான் பருத்தித்துறை வடையும் பனங்காய்ப் பணியாரமும் செய்து கட்டினேன். முகம் நீண்டிருந்தது உண்மைதான். பஸ் ஏற முதல் உன் நெற்றியில் சிலுவை வரைந்தபோது நீ என் கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ அம்மா, ஒரு வருசம்தானே" என்றாய். பஸ் போனது. சனம் என்னைத் தேற்றியது. நான் தேறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் தொலைபேசிக்குப் பிறகு அப்பாவும் தேற்றத் தொடங்கியபோதுதான், இதை இப்படியே விட்டால் சாகும்வரைக்கும் என்னைத் தேற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

நேற்றுப் பூசை முடிந்ததும் சிஸ்ரரைப் பிடித்தேன்.

"சிஸ்ரர், மார்கழிப் பயணத்துக்கும் தாய்மார் எடுக்கிறியளோ?"

"ஓம், ஒராளுக்கு இடமிருக்கு. பிலோமினா திரும்பவும் போவா எண்டு நினைக்கிறன். பிள்ளையளுக்குத் துணை வேணுமே."

"என்னையும் சேருங்கோ."

சிஸ்ரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சீலியைப் பாக்க ஆசையாக்கும்."

"அவளையும் பாக்கலாம். நான் ஆத்தைப் பாக்க வாறன்."

"அப்ப பிள்ளையளுக்கு ஆர் துணை?"

"அதுக்குத்தானே பிலோமினா வாறா. நான் துணைக்கு வரேல்லை சிஸ்ரர். நானும் போக வேண்டிய ஆள்தான். எனக்கும் ஐஞ்சாம் வகுப்போடை மறிச்சவை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரெண்டாவது இடத்துக்குக் கண்டியிலை கேக்கவேணும். இந்தக் கிழமை எழுதிப் போடுறன்" என்றார். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "நீரோ? எத்தினை நாளைக்கு?" என்றார். "ரெண்டு கிழமைக்கு." "அப்ப சாப்பாடு?" "மீன் பிடிக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு அதை அவிக்கத் தெரியாதோ?" அவர் வலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு, "அங்கை குளிராம். என்ர தடிச்ச சேட்டைக் கொண்டுபோம்" என்றார்.

பிள்ளை, வீடுகளுக்குப் போகும்போது இதை நினைவில் வை. ஒரு தாய் படலையை மறித்துக்கொண்டு நின்று, "எங்கட பிள்ளையை அனுப்பமாட்டம்" என்று சொன்னால், எல்லோரும் பயத்தில்தான் சொல்லுகிறார்கள் என்று நினைக்காதே. சிலபேருக்குப் பயமில்லை. தான் காணாததைத் தன் வயிற்றில் பிறந்தது காணப்போகிறதே என்று எரிகிறது. அதை அவள் சொல்லமாட்டாள். அவளுக்கே தெரியாமலும் இருக்கும். அவளுக்குப் படிப்பின் அருமையைப் பற்றிப் பேசாதே. இருக்கச் சொன்னால் இருந்து, அவள் தருகிற ரீயைக் குடித்துவிட்டு, "நீங்கள் எங்கை போகவேணும் எண்டு ஆசைப்பட்டனீங்கள், அக்கா?" என்று கேள். பதில் வர நேரம் செல்லும். அதுவரைக்கும் எழும்பாதே.

என் பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அதைப் போக்கச் சொல்லி நான் இப்போது செபிப்பதும் இல்லை. அது இல்லாவிட்டால் சிஸ்ரரின் வாசலுக்கு நான் போயிருக்கமாட்டேன். சிஸ்ரர் எழுதுகிற கடிதம் நீ இருக்கிற அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கே உன்னைக் கூப்பிட்டு, இது உங்கட அம்மாதானே, அவ வருவாவோ என்று கேட்பார்கள். எனக்காக நீ யோசிக்காதே. ஓம் என்று சொல்லு.

இப்படிக்கு,
அம்மா